நண்டுக் கம்பெனியில் அவள் பேசிய நாள்

மூன்று வருடங்களுக்கு முன்பு ஊர்காவற்றுறைப் பக்கம் ஒரு நண்டுக் கம்பெனியில் வேலை செய்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மன்னாரில் உப்பு அள்ளி, திருகோணமலையில் சீமெந்து மூட்டை சுமந்து, ஓரிடத்திலும் நிலைக்காமல் திரிந்துவிட்டு அங்கே வந்திருந்தேன். ஐஸ் உடைக்கிற மெசினை ஓட்டுவதும் பெட்டி தூக்குவதும் என் வேலை.

அவித்த நண்டிலிருந்து சதை எடுப்பவர்கள் எல்லாரும் பெண்கள். அவர்களில் ஒருத்தி திருநங்கை. கை வேகத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் காலையிலிருந்து வேலை முடியும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டாள். ஏனென்று கேட்டேன்.

"ஆம்பிளையளின்ர கக்கூசுக்குப் போனால் பகிடி பண்ணுறாங்கள். பொம்பிளையளின்ர பக்கம் போகக்கூடாதெண்டு சுப்பவைசர் சொல்லிப்போட்டார். குடிக்காட்டி ஒரு பக்கமும் போகத் தேவையில்லைத்தானே, அண்ணை."

ஒருநாள் மேசையடியில் தலை சுற்றி விழுந்துவிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முகாமையாளரிடம் போனேன். உண்மையைச் சொன்னால் சிரிப்பார் என்று நினைத்து, அந்தப் பிள்ளைக்கு ஏதோ சலவருத்தம், அடிக்கடி ஒன்றுக்குப் போகவேண்டும், பெண்கள் பக்கம் போக விடுங்கள் என்று பொய் சொன்னேன். சாப்பாட்டுச் சாமான் செய்யும் இடத்தில் வருத்தக்காரரை வைத்திருக்கமாட்டார்கள் என்பது என் மூளைக்கு எட்டவில்லை. டாக்குத்தரின் கடிதம் இல்லாமல் வரவேண்டாம் என்று அன்றைக்கே அவளை அனுப்பிவிட்டார்கள். அந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு வேலை கொடுக்க அங்கே ஒருவரும் இல்லை.

பின்னேரம் அவளின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். ஏசுவாள் என்று பார்த்தேன். ஏசவில்லை.

"எனக்கும் வாய் இருக்கு, அண்ணை. ஒருக்கா என்னட்டக் கேட்டிருக்கலாம். நீங்கள் சொன்னது பொய்யெண்டு நீங்களே போய்ச் சொல்லுங்கோ. மிச்சத்தை நான் கதைக்கிறன்."

திங்கட்கிழமைகளில் வேலை தொடங்க முன்பு முகாமையாளர் எல்லாரையும் முற்றத்தில் நிறுத்திக் குறை கேட்பார். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. அவள் இரண்டிலும் சேராமல் என் மெசினுக்குப் பக்கத்தில் நிற்பாள். அன்றைய ஐசுக்காக அது விடியவே ஓடத் தொடங்கிவிடும்; அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசினால் ஒருவருக்கும் கேட்காது. அந்தத் திங்களும் வந்து அங்கேதான் நின்றாள். நான் முன்னுக்குப் போய், சொன்னது பொய் என்றேன்.

"அண்ணை இவ்வளவு நாளும் டாக்குத்தர் எண்டு தெரியாமல் போச்சு," என்று ஒருவன் சொல்ல, ஆண்கள் சிரித்தார்கள்.

"அப்ப என்ன பிரச்சினை?" என்றார் முகாமையாளர். பதில் என் வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு போய் மெசினை நிறுத்தினேன்.

"எனக்குத் தாகம், சேர்," என்றாள் அவள். "நாலு வருசமாத் தாகத்தோடதான் இஞ்சை நண்டு உடைக்கிறன்." பிறகு காரணத்தையும் சொன்னாள்.

முகாமையாளர் பெண்களைப் பார்த்தார். மூத்த அக்கா ஒருத்தி, "அவள் எங்களோட பஸ்ஸில வாறாள், எங்களோட சாப்பிடுறாள். எங்களுக்குப் பிடிக்காதெண்டு ஆர் சொன்னது? எங்களை ஒருத்தரும் கேக்கேல்லையே," என்றாள். இரண்டு பேர் முணுமுணுத்தார்கள்தான். ஆனாலும் அவள் பெண்கள் பக்கம் போக முகாமையாளர் சம்மதித்தார்.

அன்று பத்துமணித் தேத்தண்ணிக்கு முன்பு, அவள் ஒரு செம்பு தண்ணீரை அண்ணாந்து குடித்து முடித்ததைப் பார்த்தேன். அடுத்த திங்கள் பெண்களின் வரிசையில் நின்றாள்.

நான் பிறகு அங்கிருந்தும் கிளம்பிவிட்டேன். எத்தனையோ ஊரில் எத்தனையோ வேலை செய்தும், பெருமையாகச் சொல்ல என்னிடம் இருப்பது அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு அந்த மெசினை நிறுத்தியது ஒன்றுதான்.