அக்காவுக்கு நான் போட்ட கோடி

அக்காவை வழியனுப்பிய அன்று காலை கிள்ளான் வீட்டில் இருந்தவர்கள்: அத்தான், அவர்கள் மகள் கவிதா, நான், என் மனைவி சாந்தி, பக்கத்து வீட்டு மேகலா அம்மா, பங்சாரில் உடைக்கடை வைத்திருக்கும் புவனா. மற்ற உறவினர்கள் பிறகுதான் வந்தார்கள். பெயர் விட்டுப்போனால் மனத்தாங்கல் வருமோ என்று அத்தானிடம் கேட்டுக் கேட்டுத்தான் எழுதுகிறேன். படிப்பைப் பாதியில் விட்டவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தார். அம்மா தவறிய பிறகு எனக்குச் சோறு போட்டு வளர்த்தவர். கிள்ளானில் ஒரு சாயத் தொழிற்சாலையில் பல வருடம் வேலை பார்த்தார். அதன் பின்னால் ஓடும் கால்வாய் ஒரு நாள் சிவப்பாக இருக்கும், மறுநாள் நீலமாக இருக்கும். கைத்தோல் வெடித்து, சோறு பிசைந்தால் எரியும் என்பார். தொழிற்சாலையை மூடியபோது மற்றவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். அக்கா வீட்டுப் பின்புறம் அடுப்பு மூட்டினார். பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளின் வெங்காயத் தோல், பழக்கடைகளில் கழிக்கும் மங்குஸ்தான் தோல், சாலையோரம் உதிர்ந்த கெத்தாப்பாங் என்னும் நாட்டு வாதுமை இலை, இவைதான் அவருக்குச் சாயம். மூட்டைகள் என் லோரியில் வரும். போலீஸ் நிறுத்திக் கேட்டால் என்ன சொல்வது என்று ஒவ்வொரு தடவையும் பயப்படுவேன். "குப்பைன்னு சொல்லுடா, நம்புவாங்க லா" என்று சிரிப்பார்.

வாங்க வருகிறவர்களிடம் பொய் சொன்னதே இல்லை. வெயிலில் நிறம் மங்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுவார். "மங்குனா தூக்கிப் போடாதீங்க. கொண்டு வாங்க, திரும்ப முக்கித் தரேன்." அப்படித் திரும்பி வந்த துணிகள்தான் வீட்டில் அதிகம். புதுசு விற்றால்தானே காசு, இப்படிச் செய்தால் எப்படிப் பிழைப்பது என்று நான் புலம்புவேன். அவர் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்.

சிறுநீரகம் பழுதான பிறகும், இரத்தம் சுத்தம் செய்யப் போகும் நாள் போக மற்ற நாள்களில் அடுப்பை அணைக்கவில்லை. கடைசியாகச் சாயம் போட்டது, புவனா முன்பணமாக முழுத் தொகையும் கட்டிச் சொல்லியிருந்த ஒரு பட்டுச் சேலைக்கு. மங்குஸ்தான் தோலில் வந்த செம்பழுப்பு. அது கொடியில் காய்வதற்குள் அக்கா போய்விட்டார்.

பிறந்த வீட்டுக் கோடியாகப் புதுச் சேலை போர்த்தும் முறை கூடப்பிறந்த எனக்கு. கஞ்சன் என்று சொல்லிவிடுவார்களோ என்று பதறி, லிட்டல் இந்தியாவில் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்று, பளபளவென்று ஒரு சிவப்புச் சேலை வாங்கி வந்தேன். கவிதா அதைப் பிரித்தாள். சாய வாடை கூடம் முழுக்கப் பரவியது.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. இந்த வாடையிலதானே அம்மா கை வெந்துச்சு."

அவள் கொடியில் கிடந்த சேலையைப் பார்த்தாள். மேகலா அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "அது அடுத்தவங்க காசு குடுத்த துணிம்மா. கோடி பொறந்த வீட்டுலேருந்து வரணும்" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அத்தான் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோடி இல்லாமல் அனுப்பிவிடுவேனோ என்று சிவப்புச் சேலையை மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றேன்.

புவனா எழுந்து போய்ச் சேலையை எடுத்து வந்து என் கையில் வைத்தார்.

"அண்ணே, இத என்கிட்டேருந்து நீங்க வாங்கிட்டீங்க. காசு மெதுவா குடுங்க. இப்ப இது உங்க வீட்டுக் கோடி."

மேகலா அம்மா தலையசைத்தார். அதைத்தான் அக்காவுக்குப் போர்த்தினேன். ஓரம் இன்னும் ஈரமாக இருந்தது.

துக்கத்தில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும், மேகலா அம்மாவுக்கும், மருத்துவமனைக்குக் கூட்டிப் போய் வந்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்கா சாயம் போட்ட துணி யாரிடமாவது மங்கியிருந்தால் கவிதாவிடம் கொண்டு வாருங்கள்.

புவனா காசு வேண்டாம் என்றுதான் சொன்னார். வாங்கிக்கொண்டால்தான் அது என் கோடி என்று மன்றாடி, மாதம் ஐம்பது வெள்ளியாகக் கொடுத்து வருகிறேன். போகும்போதெல்லாம் தேநீர் போட்டுக் கொடுத்து அக்காவைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். கடன் என்றால் தூக்கம் வராதவன் நான். இந்தக் கடன் தீர்ந்துவிடுமே என்பதுதான் இப்போது கவலை. இன்னும் நூற்றைம்பது வெள்ளி பாக்கி இருக்கிறது.