ராஜாவிடம் யார் போய்ச் சொல்வது

சரவணன் அண்ணா, உங்களைப் பற்றி எழுதச் சொல்லி மாமா என்னை உட்கார வைத்திருக்கிறார். நான் பள்ளியைப் பாதியில் விட்டவள் என்று சொல்லிப் பார்த்தேன், அவர் கேட்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்து போகத் தோன்றுகிறது. தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பேனாவை வைத்துவிட்டு வாசல் கேட்டுக்கு ஓடுகிறேன். விட்டு விட்டுத்தான் எழுதுகிறேன். தப்பு இருந்தால் எல்லாரும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் செடெனாக் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தார். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அம்மா காலமானார். அதற்குப் பிறகு எனக்குத் தலை பின்னியது அண்ணன்தான். இரண்டு சடையும் ஒரே உயரத்தில் இருந்ததே இல்லை. ஜொகூர் பாருவுக்குக் குடி வந்ததும் சிங்கப்பூரில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். விடியும் முன்னே மோட்டாரில் கிளம்பி, இரண்டு ஊரையும் இணைக்கும் கடல் பாலத்தைக் கடப்பார்.

அண்ணனுக்கு ராஜா மந்திரி கதை என்றால் உயிர். ராஜா ஏதாவது கோணலாகக் கட்டளை போடுவார், மந்திரி சமயோசிதமாகத் தப்பிப்பார். பாலத்தில் வண்டிகள் நகராமல் நிற்கும்போது கூட வேலை செய்பவர்களுக்குச் சொல்வாராம். "இவன் கதை முடியற வரைக்கும் ஜாம் இருக்கட்டும்னு தோணும் லா," என்று அவர் கூட்டாளி ஒருவர் வீட்டுக்கு வந்தபோது சொன்னார்.

போன வருடம் அப்பாவுக்கு இருதய அறுவை சிகிச்சை நடந்தது. அதிலிருந்து அண்ணன் அப்பாவை ராஜா என்றுதான் கூப்பிடுவார்.

"ராஜாவுக்குக் கஞ்சி புடிக்கலயா?"

"உப்பே இல்லடா. ஆக்குனவன கூப்பிடு."

"கூப்பிட்டுத் தலைய வெட்டிறலாமா?"

"டேய், சிரிக்க வைக்காத. தையல் இழுக்குது."

அந்த ஆஸ்பத்திரி வார்டில்தான் வெள்ளைக் குதிரைக் கதையைச் சொன்னார். ராஜாவுக்கு அந்தக் குதிரைமேல் அவ்வளவு ஆசை. அது செத்துப்போச்சு என்று யார் வந்து சொன்னாலும் தலை போகும் என்று உத்தரவு. ஒரு நாள் அது எழுந்திருக்கவில்லை. அரண்மனை வாசலில் காவல்காரர்கள் நீ போ, நீ போ என்று ஒருவரை ஒருவர் தள்ளினார்கள். கடைசியில் மந்திரி போனார். "ராஜா, குதிரை புல் தின்னவில்லை. தண்ணீர் குடிக்கவில்லை. ஈ உட்கார்ந்தாலும் வாலை ஆட்டவில்லை." ராஜாவுக்குக் கோபம். "செத்துப்போச்சு என்று சொல்ல வேண்டியதுதானே?" மந்திரி கும்பிட்டார். "நான் சொல்லவில்லை ராஜா, நீங்கள்தான் சொன்னீர்கள்."

"மந்திரி பெரிய கேடிடா," என்று அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்தக் கடைசி நாள் காலை நல்ல மழை. பாலத்துக்குப் போகும் சாலையில் அண்ணனின் மோட்டார் சறுக்கிவிட்டது. நானும் மாமாவும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அதற்குள் வீட்டு வாசலில் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். அப்பாவுக்கு மட்டும் தெரியாது.

"யாரும் பட்டுன்னு அந்த வார்த்தைய சொல்லிறாதீங்க. அவரு நெஞ்சு தாங்காது," என்றார் மாமா.

"அப்ப நீங்களே போங்க," என்றார் ஒரு சொந்தக்காரர்.

"நான் எப்படி போறது? என் மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிரும்."

உள்ளேயிருந்து அப்பா குரல் கொடுத்தார். "யாரு அது? ஏன் யாரும் உள்ள வரல?"

நான் போனேன்.

"அண்ணனப் பாத்தேம்பா."

"என்னா சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. கூப்பிட்டேன், திரும்பல. கையப் புடிச்சேன், புடிக்கல. மூஞ்சில மழைத்தண்ணி இருந்துச்சு, தொடைக்கல."

கதையை நினைத்து நான் பேசவில்லை. என் குரல் என் காதில் விழுந்த பிறகுதான் புரிந்தது. அப்பாவுக்கும் புரிந்துவிட்டது.

"நாந்தான் சொல்லணுமாம்மா?"

தலையாட்டினேன். அப்பா அந்த வார்த்தையைச் சொன்னார். மாமா மாத்திரையோடு ஓடி வந்தார். "அது அப்பறம். புள்ளைய எப்ப கொண்டாருவாங்க?" என்று மட்டும் அப்பா கேட்டார்.

அண்ணன் கதையில் ராஜா சொன்னதும் எல்லாரும் சிரிப்போம், கதை முடிந்துவிடும். அதற்குப் பிறகு ராஜா என்ன செய்தார் என்று அண்ணன் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. எங்கள் ராஜா விடியும் முன்னே எழுந்து கேட்டைத் திறந்து வைக்கிறார். அண்ணன் கிளம்பும் நேரம் தாண்டியதும் மூடுகிறார். நான் சன்னலில் நின்று பார்க்கிறேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. மந்திரிக்குத் தெரிந்திருக்கும்.

மழையிலேயே மோட்டாரை நிறுத்திவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அண்ணன் பக்கத்தில் இருந்த கூட்டாளிகளுக்கும், காரியங்கள் எல்லாவற்றையும் முன்னின்று செய்த மாமாவுக்கும், செடெனாக்கிலிருந்து வந்து தோள் கொடுத்தவர்களுக்கும், அப்பாவுக்குத் தினமும் உப்பில்லாமல் கஞ்சி வைத்துக் கொண்டுவரும் பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் அம்மாவுக்கும் நானும் அப்பாவும் கைகூப்பி நன்றி சொல்கிறோம்.

அண்ணனைப் பற்றி அந்த வார்த்தையை நான் இதில் எங்கேயும் எழுதவில்லை. அப்பா ஒரு தடவை சொன்னதே போதும். எங்கள் அண்ணனுக்காக எல்லாரும் சாமியிடம் வேண்டிக்கொள்ளுங்கள். அப்படி வேண்டும்போது ராஜாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.