உம்மாவின் அறையில் ஏழு துவக்குகள்

கலியாணமாகி நாலு மாதம். அந்த நாலு மாதமும் எனக்குச் சிரிப்பு அடங்கவேயில்லை. அவர் சேர்ட் பொத்தானை மாற்றிப் போட்டால் சிரிப்பு, தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தால் சிரிப்பு. "புள்ளைக்கு என்னமோ புடிச்சிட்டு" என்று உம்மா சொல்லித் திரிந்தா. பிடித்ததுதான், அதில் ஒளிக்க என்ன இருக்கிறது? என் மாப்பிள்ளையை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

வாப்பாவுக்கும் பிடித்திருந்தது, ஆனால் காரணம் வேறு. என் மாப்பிள்ளை எங்கள் பகுதி விதானையார், ஊர்க் காரியம் பார்க்கிற அரசாங்க உத்தியோகம். அந்த உத்தியோகத்துக்காகத்தான் வாப்பா எனக்கு வீடு கட்டி, நாவிதன்வெளிப் பக்கம் இரண்டு ஏக்கர் வயலும் எழுதித் தந்தார். மீன் வாங்கப் போனாலும் "எண்ட மருமகன் விதானையார்" என்று ஒரு தரம் சொல்லாமல் வரமாட்டார். மீன்காரன் கேட்டானா? இல்லை!

எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வாப்பாவும் உம்மாவும் எங்களோடுதான் இருந்தார்கள். ஆனால் மருமகன் முன்னால் உம்மா வருவதில்லை, அவரோடு நேரே கதைப்பதுமில்லை. "சோறு போட்டாச்சு எண்டு சொல்லு மகள்" என்று திரைக்குப் பின்னால் நின்று என்னிடம் சொல்லுவா. இரண்டு முழத் தூரத்தில் இருக்கிற மனிதருக்கு நான் அதைத் திரும்பவும் சொல்ல வேண்டும். உம்மாவின் அறைப் பக்கம் அவர் தலை வைத்தும் படுத்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கொழும்பிலிருந்து ஒரு கட்டளை வந்தது. லைசன் உள்ள வேட்டைத் துவக்குகளைக்கூட விதானையார்மார் வீடு வீடாகப் போய் எடுத்து, ஒரு கிழமைக்குள் பொலிசில் ஒப்படைக்க வேண்டுமாம். காலம் அப்படி. துவக்கு யாருடைய கைக்குப் போய்ச் சேருமோ என்ற பயம் மேலிடத்துக்கு. பயப்பட வேண்டியதுதான். ஆனால் அதை எழுதியவருக்கு எங்கள் வெள்ளாமை கதிர் தள்ளிப் பால் பிடித்து நிற்பது தெரியுமா? பால் பிடித்த கதிர் என்றால் பன்றிக்கு உயிர். வாப்பா அந்தப் பெயரை வீட்டுக்குள் சொல்லமாட்டார், "அதுகள்" என்றுதான் சொல்லுவார். அதுகள் ஒரு கூட்டம் இறங்கினால் விடிவதற்குள் ஒரு ஏக்கர் பாய் விரித்த மாதிரிக் கிடக்கும். வெடிச் சத்தம் கேட்டால் மட்டும்தான் ஓடும்.

என் மாப்பிள்ளை அந்தக் கட்டளைக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு ஃபைலுக்குள் வைத்தார்.

"என்ன செய்யப் போறீங்க?" என்றேன்.

"வெள்ளாம வெட்டும் மட்டும் ஒருத்தர்ட துவக்கையும் எடுக்க மாட்டன். வெட்டி முடிஞ்ச அடுத்த நாள் நானே கொண்டுபோய்க் குடுப்பன்."

"வேல போயிட்டா?"

"போகும்தான்." ஃபைலை மூடிவிட்டுச் சொன்னார்: "வாப்பாட்டச் சொல்லிராத புள்ள. மனிசன் நெஞ்சப் புடிச்சிருவாரு."

நான் சொல்லவில்லை. ஆனால் கட்டளை வந்த செய்தி மட்டும் எப்படியோ ஊருக்குள் கசிந்துவிட்டது. மறுநாள் பார்த்தால் சுவரில் தொங்கிய வாப்பாவின் துவக்கைக் காணோம். உம்மாவின் கட்டிலுக்குக் கீழே கிடந்தது! விதானையார் ஊரில் எந்த வீட்டுக்குள்ளும் போகலாம், எந்தப் பெட்டியையும் திறக்கலாம். அவர் காலே வைக்காத இடம் உலகத்தில் ஒன்றுதான், அது மாமியின் அறை. வாப்பாவுக்குத் தன் மூளையை நினைத்து ஒரே பெருமை. அந்தப் பெருமை தாங்காமல் தேத்தண்ணிக் கடையில் ஒரே ஒரு கூட்டாளியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

அன்று பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு ஊர்வலம் தொடங்கியது. ஒருவர் பாய்க்குள் சுருட்டிக்கொண்டு வந்தார். ஒருவர் தென்னோலைக் கட்டுக்குள் செருகிக்கொண்டு வந்தார். ஒரு மனிசி வெள்ளைத் துணியில் சுற்றி, பிறந்த பிள்ளையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தா. அந்தப் பிள்ளை அவவை விட அரை முழம் நீளம்! எல்லாருக்கும் உம்மாவிடம்தான் வேலை. நடு அறையில் கூப்பன் ஃபோம் நிரப்பிக்கொண்டிருந்த எங்கள் விதானையார் ஒவ்வொரு தரமும் காலை ஒதுக்கி வழி விட்டார்.

"சுகமா விதானையார்?"

"சுகம், சுகம். உள்ள போங்க" என்று கூரை ஓட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

நான் குசினிக்குள் ஓடி முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டேன். எடுக்கவே மாட்டேன் என்று இருக்கிற மனிதரிடமிருந்து ஒளிக்கிறார்கள், அதுவும் அவருடைய வீட்டிலேயே! நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவரவர் துவக்கு அவரவர் வீட்டுக்குப் போயிருக்கும். ஆனால் அந்த முடிச்சு அவிழ்ந்தால் கூத்தும் முடிந்துவிடுமே! சொல்லவில்லை. பொழுதுபட்டதும் தங்கள் துவக்கை வாங்கிக்கொண்டு வயலுக்குப் போவார்கள், காலையில் திரும்பவும் பாயும் ஓலையுமாக வருவார்கள். "ஏழு துவக்குக்கு மேல படுக்கிறன், நான் என்ன பொலிஸ்காரியா?" என்று உம்மா புறுபுறுத்தா.

தவணை முடிந்து மூன்றாம் நாள் வாசலில் ஜீப் வந்து நின்றது. விதானையார்மாருக்கு மேலதிகாரி, பெரிய கந்தோர் ஐயா. காரைதீவுப் பக்கத்துத் தமிழர், நல்ல மனிதர் என்று பேர். கதிரையில் இருந்து ஃபைலைத் திறந்தார்.

"எத்தின துவக்கு சேத்தீங்க விதானையார்?"

"ஒண்டுமில்ல சேர்."

"ஆக்கள் தர மாட்டமெண்டுட்டாங்களோ?"

தப்பிக்கிறதுக்கு ஐயாவே வழி காட்டினார். ஓம் என்றால் முடிந்தது. "ஓம் எண்டு சொல்லுங்களேன்" என்று கதவுக்குப் பின்னால் நான் மனதுக்குள் கத்தினேன்.

"நான் கேக்கவே இல்ல சேர். வெள்ளாம வெட்டும் மட்டும் கேக்கவும் மாட்டன்."

ஐயா பேனையைத் திறந்தார். "இத நான் எழுதினா உங்கட வேல போயிரும். விளங்குதா?"

"விளங்குது சேர். எழுதுங்க."

நாலு மாதத்தில் முதல் தரமாக எனக்குச் சிரிப்பு நின்றது. மூலையில் இருந்த வாப்பா எழும்பி நின்றார். தான் யாருக்குப் பயந்து ஒளித்தாரோ அவர் எடுக்கவே இருக்கவில்லை என்பதும், அரசாங்க மருமகன் கண் முன்னால் கைவிட்டுப் போகிறார் என்பதும் அவருக்கு ஒரே நேரத்தில் விளங்கியிருக்க வேண்டும்.

"எழுதாதீங்க சேர்! இப்பவே தாறன்! ஏழும் உள்ளதான் இரிக்கி!"

"ஏழுமா? இந்த வீட்டுலயா?" ஐயா விதானையாரைப் பார்த்தார். விதானையார் கூரையைப் பார்த்தார்.

வாப்பா ஓடிப்போய் உம்மாவின் அறைத் திரையை இழுத்தார். திரை வரவில்லை. உள்ளேயிருந்து உம்மா இறுக்கிப் பிடித்திருந்தா.

"மகன்" என்றா.

அப்படிக் கூப்பிட உம்மாவுக்கு ஆண்பிள்ளை வேறு யாரும் கிடையாது. வாப்பாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"மகன், நீங்க சொன்னது சரிதான். சொன்ன சொல்லுல நில்லுங்க. வேல போனாப் போகட்டும். வயல் இரிக்கி, வீடு இரிக்கி. வேலைக்கா நாங்க புள்ளையக் குடுத்த?"

வேலைக்குத்தான் கொடுத்தார்கள்! அது ஊருக்கே தெரியும். வாப்பா திரையை விட்டுவிட்டார்.

ஐயா அந்தத் திரையை ஒரு தரம் பார்த்தார். பிறகு எழுதி, எழுதியதை உரத்து வாசித்தார்: "அறுவடை முடிந்த மறுநாள் ஏழு துவக்குகளும் ஒப்படைக்கப்படும். அதுவரை விதானையாரின் பொறுப்பில்." கீழே தன் கையெழுத்தையும் வைத்தார்.

"மேலிடத்துல கேட்டா ரெண்டு பேருமாப் போவம், விதானையார். எண்ட வயலுலயும் பண்டிதான்."

வாப்பா அந்தச் சொல்லுக்கு முகம் சுளிக்கக்கூட மறந்துபோனார். சொன்னபடியே வெட்டி முடிந்த மறுநாள் ஏழும் உழவு மெசினில் பொலிசுக்குப் போயின. மேலிடத்திலிருந்து ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஐயா வந்த அன்று, ஜீப் போன பிறகு என் மாப்பிள்ளை உள்ளே வந்து திரைக்கு முன்னால் நின்றார். திரை அசையவில்லை. அவர் சொல்லப்போவதை வாங்கி உள்ளே கொடுக்க நான் நடுவில் போய் நின்றேன். அவர் என் தோளைப் பிடித்து மெல்ல ஒதுக்கினார்.

"ஓம், உம்மா" என்றார்.