பத்திரத்தில் நான் ஏற்றிய பூர்வீகம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கருமத்தம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் முதலில் சொந்தமாகத் தறிக்குடோன் கட்டியது யார் என்று கேட்டால் என் வீட்டுக்குத்தான் கை காட்டுவார்கள். அப்படிப்பட்டவன் ஓர் இடத்தில் சறுக்கினேன். நானே சொல்லிவிடுகிறேன். அடுத்தவன் சொன்னால் கூட்டிச் சொல்வான்.

தொண்ணூறுகளின் நடுவில் என் மருமகன் காய்ச்சலில் போய்விட்டார். மகள் போத்தனூரிலிருந்து எங்களிடமே திரும்பினாள். மூன்றே மாதத்தில் குடோன் முழுக்க அவள் கைக்கு வந்துவிட்டது. சத்தத்தை வைத்தே எந்தத் தறியில் கோளாறு என்று சொல்வாள். என் ரத்தம், வேறெப்படி இருக்கும்? குடோனை அவள் பேருக்கு எழுதுவதென்று முடிவு செய்தேன். இல்லாவிட்டால் நான் போன பிறகு தன் தம்பி பெண்டாட்டி போடும் சோற்றுக்கு அவள் காத்து நிற்க வேண்டும்.

அதற்குள் மகன் விடுதலைப் பத்திரத்தோடு வந்து நின்றான். நகை போட்டுக் கட்டிக்கொடுத்த பெண், அப்பன் சொத்தில் பங்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"அக்கா ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுதுங்கப்பா. என்ர மாமனாரும் கேட்டுட்டே இருக்காருங்க."

"உங்கக்கா போடமாட்டா. வேணும்னா உன்ர மாமனாரைப் போடச் சொல்லு."

கோயமுத்தூர் வக்கீலிடம் போனேன். குடோன் இடத்தின் கிரயப் பத்திரத்தைப் படித்தவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஏனுங்க, பூர்வீகச் சொத்து வருமானத்துல வாங்குனதுன்னு இருக்குதுங்களே. அப்படின்னா பையனுக்குப் பொறந்ததுமே பங்கு வந்துருமுங்க. பொண்ணுக்கும் உண்டுன்னு இப்பச் சட்டம் வந்திருக்குதுங்க. ஆனா அதுக்கு முன்னாலயே கல்யாணம் ஆன பொண்ணுக்கு இல்லீங்க. நீங்க எழுதிக் குடுத்தாலும் பையன் கேஸ் போட்டா நிக்காதுங்க."

எனக்குப் பூர்வீகம் என்று ஒரு சாண் நிலம் கிடையாது. என் அப்பன் இன்னொருவர் தோட்டத்தில் பண்ணையாளாக இருந்தவர். நாலு பேர் படிக்கிற பத்திரத்தில் நானும் நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளையாகத் தெரியட்டும் என்று, எழுதியவரிடம் அந்த வரியைப் போடச் சொன்னதே நான்தான்.

"அந்த வரி பொய்யுங்க" என்றேன்.

"அப்பப் பொய்யின்னு காட்டோணும். உயிலுன்னா நீங்க போனதுக்கப்புறம் வம்பு வரும். இருக்கறப்பவே செட்டில்மெண்டா எழுதிப்போடுங்க. உங்க தகப்பனாருக்கு நிலம் இல்லீன்னு சொல்ல, விவரம் தெரிஞ்ச ஒரு சாட்சி வேணுமுங்க."

அதைச் சொல்ல உயிரோடிருந்தவர் அந்தத் தோட்டத்துக்காரர் ஒருவர்தான். அவர் வாசலை மிதிக்க மாட்டேன் என்று நாற்பது வருடமாக வைராக்கியமாய் இருந்தேன். கூப்பிடு தூரம்தான். ஆனாலும் அம்பாசடரில் போய் இறங்கினேன்.

விஷயத்தைக் கேட்டு அவர் சிரித்தார். "கோயில் நோம்பியில என்ர முன்னால கால் மேல கால் போட்டு உக்காந்தவனாச்சே நீ. உங்கப்பன் என்ர பண்ணையத்துல இருந்தான்னு இப்ப நான் வந்து சொல்லோணுமா?"

"சொல்லுங்க. அவரு மகன் இன்னமும் கால் மேல கால் போட்டுத்தான் உக்காருவான்னும் சேத்துச் சொல்லுங்க."

வந்து சொன்னார். பத்திர ஆபீசில் என் மகள் மட்டும் தயங்கினாள். "உங்க பேரு கெட்டுப்போயிருமுங்கப்பா. எனக்கு வேண்டாமுங்க."

"கண்ணு, இது எம்பட பேரு. கெடுக்கறதுன்னாலும் நான்தான் கெடுப்பேன்."

என் தகப்பனாருக்கு நிலம் இல்லை, அவர் பண்ணையாள், இந்தச் சொத்து முழுக்க என் சுயசம்பாத்தியம், முன்பு எழுதியது தவறு என்று பத்திரத்தில் எழுதி, கையெழுத்தும் போட்டேன். வாசலில் மகன் மறித்தான்.

"மாமனார் ஊட்டுல இதைப் படிச்சா என்ர மூஞ்சிய எங்கீங்க வெக்கறது?"

"எங்கப்பன் பொய் சொல்லிப்போட்டான்னு சொல்லு. கை ரெண்டை மட்டும் வெச்சு இத்தனையும் சம்பாதிச்சான்னும் சொல்லு."

ஒரு மாதம் அவன் என்னோடு பேசவில்லை. கேஸ் மட்டும் போடவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். கூண்டில் ஏறி, என் அப்பன் பண்ணையாள் என்று ஜட்ஜ் காதில் விழும்படி சொல்வதற்காகவே, ஒரு புது வேட்டி எடுத்து வைத்திருந்தேன்.