நான் திருப்பி வைத்த பலகை

அந்தப் பலகையை முதலில் கையில் எடுத்தது நான்தான். என் நண்பனே இதை மறுக்க மாட்டான். எடுத்து, முன்னும் பின்னும் புரட்டி, சாம்பல் பூத்து அழுக்காக இருக்கிறதே என்று முகத்தைச் சுளித்து, இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தேன். பின்னாலேயே வந்த அவன் அதை எடுத்துக்கொண்டான். இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். நான் இந்தத் தீவில், ஜெலுத்தோங்கில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். அவனுக்கு வீடு கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமில், வேலை அங்கேயே பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில். ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறி இந்தப் பக்கம் வருவான். கல்யாண விருந்துகளில் வாசிக்கும் ஒரு சின்ன இசைக்குழுவில் இருவரும் கித்தார். பாட்டுக்கு நடுவே தனியாக ஒலிக்கும் இடங்கள் எனக்கு. பின்னால் நின்று தாங்கிப் பிடிப்பது அவன் வேலை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

நாள் முழுக்கப் பெயிண்ட் வாசனையில் நிற்பதாலோ என்னவோ, மரத்தின் மேல் பெயிண்டைப் பார்த்தால் எனக்குப் பிடிப்பதில்லை. தகரத்தை மூடலாம், அதற்கென்று ஒரு முகம் கிடையாது. மரத்துக்கு உண்டு. எலெக்ட்ரிக் கித்தாரின் உடம்பு கட்டை மரம். அதன் நெஞ்சில் அழகுக்காக ஒரு மெல்லிய பலகையை ஒட்டுவார்கள். ஒரே பலகையை இரண்டாகப் பிளந்து, புத்தகத்தை விரிப்பதுபோல விரித்து ஒட்டினால், இந்தப் பக்கத்துக் கோடு அந்தப் பக்கத்துக் கோட்டை நடுவில் வந்து சந்திக்கும். அந்தப் படங்களை ஃபோனில் பார்க்காமல் எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்காது.

மேப்பிள் மரத்தில் குறுக்கே ஓடும் வரிகள் எனக்குப் பிடிக்கும், ஆனால் அவை கொஞ்சம் கோணலாக இருக்கவேண்டும். அளவெடுத்து அடித்த மாதிரி இருந்தால் ஏதோ ஏமாற்று வேலை என்று தோன்றும். அதே மேப்பிள் குமிழ்குமிழாகத் தெரிவதை ஊரே ஆகா ஓகோ என்கிறது. எனக்கு அதைப் பார்த்தால் கழுவி வைத்த ஆட்டுக்குடல்தான் ஞாபகம் வருகிறது. ஆஷ் மரத்தின் பெரிய ரேகைகள் மேடையில் எடுப்பாக இருக்கும், கிட்டே போனால் பார்க்க ஒன்றும் இருக்காது. மஹோகனியைக் குறை சொல்ல முடியாது, அதுதான் அதன் குறை. நீலச் சாயம் ஏற்றிய மரத்தை யாராவது காட்டினால் ஃபோனை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவேன். மரத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறவன்தான் அந்தப் பலகையைத் திருப்பி வைத்தான்.

கூலிமில் கித்தார் செய்து தரும் ஒரு மலாய்க்காரரிடம் நாங்கள் ஆளுக்கு ஒன்று சொல்லியிருந்தோம். மேலே ஒட்டும் பலகையை நீங்களே பார்த்து வாங்கி வந்துவிடுங்கள் என்று அவர் சொன்னதால், ஒரு ஞாயிறு சுங்கை பாக்காப்பில் இருந்த மரக்கடைக்குப் போனோம். வெயில் மண்டையைப் பிளந்தது. அவன் கையில் தே ஐஸ், ஐஸ் போட்ட பால் தேநீர், கயிறு கட்டிய பிளாஸ்டிக் பையில். நான் அடுக்கிலிருந்து ஒரு பலகையை உருவினேன். அது மாமரம் என்றார் கடைக்காரர். மாமரத்தில் செய்தால் கித்தாரில் மாங்காய்தான் காய்க்கும் என்று நான் சொல்ல, கடையில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு வாங்கிய சந்தோஷத்தில் பலகையை வைத்துவிட்டு நகர்ந்தேன்.

அவன் அதன் பக்கத்தில் நின்று தே ஐஸை உறிஞ்சிக்கொண்டிருந்தான். பை வியர்த்து அதிலிருந்து தண்ணீர் பலகையில் சொட்டியது. கடைக்காரர் ஏதாவது சொல்லப்போகிறாரே என்று அவன் அவசரமாக உள்ளங்கையால் துடைத்தான். துடைத்த இடத்தில் சாம்பல் நிறம் போய்த் தேன் நிறம் வந்தது. அதில் குறுக்கே வரிகள், எல்லாம் கோணல், எல்லாம் உயிரோடு. நடுவில் மசியால் இழுத்தாற்போல் ஒரு கறுப்பு ரேகை. நான் ஃபோனில் பார்த்த எந்தப் படத்திலும் அப்படி ஒன்று இருந்ததில்லை.

கார்க் கதவில் பள்ளம் மேடு தெரியவேண்டுமென்றால் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதுதான் என் தொழில். அந்தப் பழக்கம் அன்றைக்கு எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை. தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்குத் தே ஐஸ் வந்து காட்டிக் கொடுக்கிறது.

அவன் யோக்கியன். "நீதானே மொதல்ல எடுத்த, ஒனக்கு வேணுமாடா?" என்று கேட்டான். மாங்காய் ஜோக்கைக் கேட்டுச் சிரித்தவர்கள் எல்லாம் அங்கேயே நின்றார்கள். வேண்டாம் என்றேன். வீம்புக்கு ஒரு மெர்பாவ் பலகையை வாங்கிக்கொண்டு வந்தேன். வாசல் கதவு செய்யும் மரம். கித்தாரும் கதவு மாதிரியே வந்தது, கனத்தில்கூட.

அதன் பிறகு ஒவ்வொரு விருந்திலும் எனக்கு இதே பாடு. இடைவேளையில் மேடைக்கு வருகிறவர்கள் நேராக அவனிடம் போவார்கள். என்ன மரம் அண்ணே, படம் எடுத்துக்கொள்ளலாமா என்பார்கள். மாமரம் என்று அவன் சொன்னதும், தங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற மாமரம், அதில் காய்த்த காய் என்று கதை நீளும். ஒரு முறை ஒரு அக்கா என் பக்கம் வந்தார். இந்தக் கித்தார் மண்டபத்துக்காரர்கள் கொடுத்ததா என்று கேட்டுவிட்டுப் போனார்.

மாமரத்தில் வண்டு விழும் என்று அவனிடம் சொல்லிப் பார்த்தேன். மேலே பூசிய கிளியர் வார்னிஷ் சீக்கிரம் மஞ்சளாகிவிடும் என்றும் சொன்னேன். வண்டும் விழவில்லை, மஞ்சளும் ஆகவில்லை, ஆனால் நிறம் வரவர ஆழமாகிக்கொண்டே போனது. பயிற்சியின்போது என் கண் அதிலேயே கிடக்கும். அவன் திரும்பினால் வரிகள் ஒரு பக்கம் மங்கி மறுபக்கம் எரியும். அதைப் பார்த்துக்கொண்டிருந்து நான் நுழையவேண்டிய இடத்தைத் தவறவிட்டிருக்கிறேன். துடைத்துத் தருகிறேன் என்று வாங்கி மடியில் வைத்துக்கொள்வேன். எத்தனை துடைத்தாலும் அது அவனுடையதாகவே இருந்தது.

அப்போதுதான் பட்டர்வொர்த்தில் அந்தக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை பெண்ணை அழைத்து வரும்போது வாசிக்க என் நண்பனே சொந்தமாக ஒரு மெட்டு போட்டிருந்தான். அவன் போட்ட முதல் மெட்டு. என் வேலை அவன் பக்கத்தில் சும்மா நிற்பதுதான். சாமான்களைக் கட்டும்போது, யாருக்கும் கேட்காத குரலில், எப்படி இருந்தது என்று கேட்டான். பெண் உள்ளே வந்தபோது போட்ட சிவப்பு லைட்டில் வரிகள் செம்பு மாதிரி ஜொலித்தன என்று சொன்னேன். அவன் பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

சில வாரம் கழித்துப் பட்டறைக்கு வந்தான். அவன் கித்தார், கம்பிகளும் கழுத்தும் கழற்றிய வெறும் உடம்பாக ஒரு துண்டில் சுற்றியிருந்தது. அதை மேசையில் வைத்தான்.

"இதுக்கு வெள்ள அடிச்சிரு மச்சான். சாதா வேன் வெள்ள போதும்லா."

கார் பம்பருக்குக்கூட அவன் இப்படி அலட்சியமாகக் கேட்டதில்லை. பைத்தியமா என்றேன். அடிக்க முடியாது, இந்த மரத்தை மூடினால் பாவம் என்றேன். கடைசியில் மானத்தை விட்டு, பிடிக்காவிட்டால் எனக்குக் கொடுத்துவிடு, என்ன விலையானாலும் வாங்கிக்கொள்கிறேன் என்றும் சொல்லிவிட்டேன்.

"ஒனக்குக் குடுத்தாலும் இதத்தானேடா பாத்துக்கிட்டு இருப்ப," என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவன் மெதுவாகத்தான் சொன்னான். "பாட்டு எப்படி இருந்துச்சின்னு ஒங்கிட்ட மட்டும்தான் கேட்டேன். நீ லைட்டப் பத்திச் சொன்ன. இது வந்ததுலேர்ந்து நான் வாசிக்கிறத நீ கேக்கவே இல்ல மச்சான். இத மூடுனாலாச்சும் கேப்பியா?"

அவன் போன பிறகு தண்ணீர் விட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன். பெயிண்ட் ஒட்டவேண்டுமென்றால் பழைய கிளியரைச் சொரசொரப்பாக்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க அதன் மேல் பால்போல வெளுப்பு படிந்தது. காய்ந்ததும் மரக்கடையில் நான் திருப்பி வைத்த அதே சாம்பல் பலகை. ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தேன். வரிகள் எல்லாம் எழுந்து வந்தன. காய்ந்தது, போய்விட்டன. மறுபடி நனைத்தேன். பட்டறையில் வேறு யாரும் இல்லை. அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அது என்னுடையது. நனைத்தும் காயவிட்டும் எவ்வளவு நேரம் நின்றேனோ, அடுத்து முடிக்கவேண்டிய காரின் சொந்தக்காரர் வந்து ஹார்ன் அடித்தார். பிரைமரைக் கலந்து அடித்தேன். அதன் மேல் வெள்ளை. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாத வேலை.

அடுத்த ஞாயிறு, டத்தோ கெராமாட் ரோட்டில் நாங்கள் பயிற்சிக்கு எடுக்கும் மாடி அறையில், வெள்ளைக் கித்தாரோடு நின்றான். குளிர்சாதனப் பெட்டிக் கதவைக் கழுத்தில் மாட்டியது மாதிரி இருந்தது. மற்றவர்கள் இன்னும் வரவில்லை. கல்யாணத்தில் வாசித்த அந்த மெட்டை எடுத்தான். பழக்கத்தில் என் கண் கித்தாருக்குப் போனது. அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தது.

அப்போதுதான் கேட்டது. மெட்டு எளிமையானதுதான். ஆனால் ஒவ்வொரு வரியின் கடைசி ஸ்வரத்துக்கு முன்னால் அவன் கொஞ்சம் பொறுத்தான். நானாக இருந்தால் அந்த இடத்தில் விரலை ஓடவிட்டு ஏதாவது வித்தை காட்டியிருப்பேன். அவன் பொறுத்தான், பிறகுதான் அந்த ஸ்வரத்தை வரவிட்டான். தாங்கிப் பிடிக்கிறவன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவன், என் பக்கத்திலேயே நின்று எப்போது இதையெல்லாம் கற்றுக்கொண்டான்? இப்படி வாசிக்க எனக்கு வராது. இனிமேலும் வராது என்பது அங்கே நிற்கும்போதே தெரிந்தது.

முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நல்லா இருக்கு என்றேன். அவன் சிரித்தான். பலகையைப் பார்த்து வயிறெரிந்த என் அந்தப் பழைய முகத்தை அவன் அடையாளம் கண்டுகொண்டான் என்று நினைக்கிறேன்.

"இன்னொரு தடவ வாசிக்கவா?" என்றான்.

வாசி என்றேன். மாமரத்தையாவது வெள்ளை அடித்து மூட முடிந்தது.