ஆபீசருக்காக வைத்த அடுப்பு

எங்கள் குடும்பம் பொய்யாகப் பிரிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. யோசனை தாத்தாவுடையது.

ஒதியம்பட்டில் அப்போது ஒரே வீட்டில் ஒன்பது பேர் இருந்தோம். பெரியப்பா வீட்டார் நால்வர், நாங்கள் நால்வர், தாத்தா. ஓர் அடுப்பு, ஒரு ரேஷன் கார்டு. சர்க்கரை தலைக்கு இவ்வளவு என்று போடுவார்கள். மண்ணெண்ணெய் மட்டும் கார்டுக்கு இவ்வளவுதான். வீட்டில் எத்தனை பேர் என்று யாரும் கேட்கமாட்டார்கள். மாதம் பாதி போவதற்குள் எங்கள் டின் காலியாகிவிடும்.

"தனித்தனி வூடுன்னு எழுதிக் குடுங்கடா. ஆபீசர் வந்து அடுப்பத்தான் பாப்பான். ரெண்டு அடுப்பு இருந்தா ரெண்டு கார்டு. அவன் போனதும் ஒடச்சிப் போட்டுடலாம்" என்றார் தாத்தா.

ஏரி மண்ணை எடுத்துவந்து அவரே குழைத்தார். மாடு விற்ற பிறகு சும்மா கிடந்த கொட்டகையில் அம்மாவுக்கென்று ஓர் அடுப்பு எழும்பியது. காய்ந்ததும், கரிபடாமல் இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று வைக்கோலைக் கொளுத்தி அதைக் கறுப்பாக்கினார். இவ்வளவு கெட்டிக்காரத் தாத்தா வேறு யாருக்கும் இல்லை என்று எனக்கு ஒரே பெருமை.

எனக்கும் ஒரு வசனம் கொடுத்திருந்தார்கள். 'நாங்க தனியா சாப்புடறோம் சார்.' தினமும் பெரியம்மா கையால் உருண்டை வாங்கித் தின்றுகொண்டிருந்த நான், அதை நாலு நாள் ஒத்திகை பார்த்தேன்.

ஆபீசர் சைக்கிளை நிறுத்துவதற்குள் வசனத்தைச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். இரண்டு அடுப்பையும் பார்த்தார், எங்கள் பெயர்களை எழுதினார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது பேனாவை மூடாமலே தாத்தாவைப் பார்த்தார்.

"பெரியவரே, நீங்க எந்த அடுப்புல சாப்புடறீங்க?"

இதற்கு மட்டும் நாங்கள் ஒத்திகை பார்க்கவில்லை.

"தம்பி வூட்டுல சார்" என்றார் பெரியப்பா. அதே நேரத்தில் அப்பா, "அண்ணன் வூட்டுல சார்" என்றார்.

அம்மா குனிந்து அடுப்பை ஊதினாள். அதில் நெருப்பே இல்லை. பெரியம்மா வேலிப்பக்கம் கோழியை விரட்டப் போனாள். தாத்தா சிரித்த முகத்தோடு இரண்டு பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கோ நெஞ்சு பொங்கியது. தாத்தா பெயர் எந்தக் கார்டில் ஏறுகிறதோ அந்த வீட்டுக்குத்தானே அவருடைய சர்க்கரை? நீ வைத்துக்கொள், நீ வைத்துக்கொள் என்று அண்ணனும் தம்பியும் விட்டுக்கொடுக்கிறார்கள்! அப்பாவின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தேன். அவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். ஏன் என்று புரியவில்லை.

"எனக்குத் தனியா ஒரு கார்டு போட்டுடு சார்" என்றார் தாத்தா.

"அதுக்குத் தனி அடுப்பு வேணுமே பெரியவரே. போட்டுட்டு சொல்லி அனுப்புங்க, வந்து பாக்கறேன்" என்று தமாஷாகச் சொல்லிவிட்டு ஆபீசர் சைக்கிள் ஏறினார்.

அவர் போனதும் அடுப்பை உடைப்பார்கள் என்று நான் உலக்கையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு ஓடினேன். "வைடி அத" என்றாள் அம்மா. அன்று சாயங்காலம் அந்த அடுப்பிலேயே உலை வைத்தாள். பெரியம்மாவும் எங்களைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. ஆபீசர் இன்னும் ஊருக்குள்ளேதான் இருக்கிறார் போலிருக்கிறது, அதனால்தான் நடிப்பை நிறுத்தவில்லை என்று நினைத்துக்கொண்டேன். தாத்தா ஒருவர் மட்டும் எந்த அடுப்புப் பக்கமும் போகாமல், பசியில்லை என்று படுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் எழுந்து வந்து பார்த்தால், அவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மறுபடியும் மண் குழைத்துக்கொண்டிருந்தார். இந்த முறை சின்ன உருண்டை.

"இன்னா தாத்தா, மறுபடியும் ஆபீசர் வராரா?"

அவர் நிமிரவில்லை. "ஆமாண்டி" என்றார்.

முகம் கழுவி, பாவாடை மாற்றிக்கொண்டு, வசனத்தை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, அன்று முழுக்க வாசலில் நின்று சைக்கிளுக்காகக் காத்திருந்தேன்.