மிஸ்டு கால் வராத மதியம்

என் மகள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் வாசலில் உள்ள பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மதியம் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வந்து, போனை எடுத்து எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவாள். நான் எடுக்கக் கூடாது. எடுத்தால் பேச வேண்டியிருக்கும், பேசினால் அவள் சாப்பிட நேரம் இருக்காது. நன்றாக இருக்கிறேன், சாப்பிடப் போகிறேன் என்பதுதான் அந்த மணியின் பொருள். இந்தக் காலத்தில் மிஸ்டு கால் கொடுக்கிற ஒரே குடும்பம் இந்தக் காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸிலேயே நாம்தான் என்று என் கணவர் கிண்டல் செய்வார். செய்யட்டும். அது அடித்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

அன்று மதியம் சைரன் ஊதியது. குவார்ட்டர்ஸில் இருப்பவர்களுக்கு அது பழகிய சத்தம்தான், ஆனால் அன்று நிற்காமல் ஊதியது. மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தால் மதில் சுவருக்கு அப்பால் புகை. மிஸ்டு கால் வரவில்லை. நான் கூப்பிட்டால் பூட்டிய பெட்டிக்குள் மணி அடிக்கும், அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டுக்கே போய்விட்டேன்.

"அந்தர் சப் டீக் ஹை அம்மா. டிரில் ஹை. டென்ஷன் நக்கோ," என்றார் காவலுக்கு நின்றவர். உள்ளே எல்லாம் சரி, வெறும் ஒத்திகைதான், கவலை வேண்டாம் என்று அர்த்தம்.

வெளியூர்க்காரியாக இருந்தால் நம்பியிருப்பேன். எனக்குத்தான் இந்த இடம் தெரியுமே. உள்ளே என்ன நடந்தாலும் 'ஒன்றுமில்லை' என்பதுதான் இங்கே பதில். என் கணவரும் இதே வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை, என்ன கேட்டாலும் அதையே சொல்லிச் சமாளித்தவர். அதனால் 'டிரில்' என்ற வார்த்தையைக் கேட்டதும் மேலே எதுவும் கேட்காமல் திரும்பினேன். வீட்டுக்கு வந்து வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அழவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

சாயங்காலம் வழக்கமான நேரத்துக்கு அவள் படியேறி வந்தாள். "டீ இருக்கா மா? டிரில்னு சொல்லி யாரையும் வெளியவே விடல. அப்புறம் வேலையில மறந்தே போச்சு."

உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் கோபமும் வந்தது. "மறந்து போச்சா? நான் இங்க செத்துப் பொழைச்சுக்கிட்டு இருக்கேன்," என்று தொடங்கினேன், முடிக்கவில்லை. அம்மிக்கல்லைத் தூக்கி நெஞ்சில் வைத்தது போல் இருந்தது. இடது தோள் வரை வலி இழுத்தது. ஆஸ்பத்திரிக்கு அவள்தான் காரை ஓட்டினாள். வழியெல்லாம் ஹாரன்.

மாரடைப்பு என்றே எல்லோரும் நினைத்தோம். ஈசிஜியும் அப்படித்தான் சொன்னது. ஆஞ்சியோவில் பார்த்தால் ரத்தக் குழாய்களில் அடைப்பே இல்லை. இதயத்தின் இடது அறைதான் வாய் குறுகி, அடி உப்பிப்போய், சரியாகச் சுருங்காமல் இருந்தது. ஜப்பானில் ஆக்டோபஸ் பிடிக்க இந்த வடிவில் ஒரு பானை உண்டாம். அதன் பெயரையே, டகோட்சுபோ என்று, நோய்க்கும் வைத்துவிட்டார்கள். திரையில் பார்த்த எனக்கு எங்கள் வீட்டுச் சொம்பு மாதிரி இருந்தது. மனதில் பெரிய அதிர்ச்சி விழுந்தால் உடம்பில் சுரக்கும் ஹார்மோன்கள் அளவு மீறி, இதயத் தசையைத் தற்காலிகமாகத் திகைக்க வைத்துவிடும் என்றார் டாக்டரம்மா. பெரும்பாலும் சில வாரங்களில் பழையபடி ஆகிவிடும், ஆனால் ஆகிறதா என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்.

என் கணவர் விடவில்லை. "எது டாக்டர் காரணம்? மத்தியானத்துப் பயமா, சாயங்காலக் கோபமா?"

"அவள் வந்துவிட்டாள் என்ற நிம்மதியாகவும் இருக்கலாம் சார். சந்தோஷத்தில்கூட இது வரும்," என்றார் அவர்.

மகள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தான் வீட்டுக்கு வந்ததே என்னைச் சாய்த்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

வலி போன பிறகுதான் உண்மையான தொல்லை தொடங்கியது. எனக்கு அதிர்ச்சி ஆகாதென்று வீட்டில் டிவி செய்தி கிடையாது. நான் வந்தால் பேச்சு நின்றுவிடும். முகம் வாடி வருகிறவளை என்னடி என்று கேட்டால், "ஒண்ணும் இல்ல மா." காவல்காரர் சொன்ன அதே பதில், இப்போது என் வீட்டுக்குள். இதயம் தேறாவிட்டால் மிச்ச வாழ்க்கை இப்படித்தான் என்று நினைத்தபோது எனக்குப் பயமாக இருந்தது. சாவதைவிட அதுதான் பயமாக இருந்தது.

மறுபடி எக்கோ எடுத்த அன்று டாக்டரம்மா திரையை என் பக்கம் திருப்பினார். சொம்பு இல்லை. நன்றாகச் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. "நார்மல்," என்றார். என் கணவர் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கவில்லை.

காரில் ஏறி உட்கார்ந்ததும் மகள் சாவியைத் திருப்பாமல் இருந்தாள்.

"நிஜமாவே நார்மல்தானே மா?"

"ஹவ்," என்றேன், ஆமாம் என்பதற்கு இந்த ஊர்க்காரர்களோடு அவள் சொல்வது போலவே. "என்னன்னு சொல்லு."

"அடுத்த மாசம் ஆபீஸ் டெஸ்ட் ஒண்ணுக்கு வெளியூர் போகச் சொல்றாங்க. எங்கேன்னு சொல்ல முடியாது. போன் கையில இருக்காது, மிஸ்டு காலும் வராது. உன் உடம்பு இப்படி இருக்கப்ப முடியாதுன்னு சொல்லிடலாம்னு இருந்தேன்."

நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பயம்தான். கையை வைத்துப் பார்த்தேன். வலிக்கவில்லை.

"போயிட்டு வா," என்றேன். "வெளிய வந்ததும் மிஸ்டு கால் எல்லாம் வேணாம். நல்லா மணி அடிக்க விடு. எடுத்துப் பேசறேன்."